‘ரெண்டு காப்பி போதாதா?’ என்று கேட்கும் முதலாளிக்கு

வாசகர் கடிதம்:

“ஐயா, வணக்கம். மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு எடிட்டிங் நிறுவனத்தில் சிஸ்டம் வேலை பார்க்கிறேன். மதுரை, திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை பக்கத்து ஸ்டூடியோக்காரர்கள் கல்யாண ஃபுட்டேஜை எங்களிடம் கொடுப்பார்கள். எடிட் செய்து முடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. போன வருடம் ஐந்து சர்வர் வாங்கி, சர்வர்களை நிர்வகிக்கும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளில், எல்லாச் சர்வர் டிஸ்க்குகளையும் ஒரே சேமிப்பிடமாக்கும் செஃப் கிளஸ்டர் போட்டேன். ஒவ்வொரு சர்வரிலும் ஆறு டிஸ்க், டிஸ்க் ஒன்று 8 டெராபைட், ஆக மொத்தம் 240. மூன்று காப்பி வைத்திருக்கிறேன். இப்போது 62 டெராபைட் ஃபுட்டேஜ் இருக்கிறது. அதற்குள் ஒரு டிஸ்க் 86 சதவீதம் நிறைந்துவிட்டது என்று மஞ்சள் எச்சரிக்கை வருகிறது. முதலாளி அண்ணன், ‘240க்குக் காசு கொடுத்தேன், 62லயே நிறைஞ்சுருச்சுங்கிறியே, ரெண்டு காப்பி போதாதா?’ என்கிறார். பெங்களூரில் ஐடியில் இருக்கும் அவருடைய மைத்துனர், பெரிய கம்பெனிகள் 1.4 மடங்கு இடத்திலேயே சமாளிக்கின்றன என்று சொல்லிவிட்டார். இரண்டு காப்பிக்கு மாறலாமா? அடுத்த வருடம் 20 டெராபைட் டிஸ்க் ஆறு போட்ட ஒரு பெரிய சர்வரைச் சேர்த்தால் தீருமா? இத்தனை காப்பி இருக்கும்போது பேக்கப் தனியாக வேண்டுமா?”

பதில்:

வணக்கம். அண்ணன் கேட்டதில் தப்பே இல்லை. காசு போட்டவர் கேட்கத்தான் செய்வார். இரண்டு காப்பிக்கு மட்டும் மாறாதீர்கள். இரண்டு காப்பி பிடிக்கும் அதே இடத்தில் இரண்டு சர்வர் போனாலும் ஃபுட்டேஜ் தப்பிக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் கிளஸ்டர் இன்றைக்கு எந்த நிலையில் நிற்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். நீங்கள் நினைப்பதைவிட நிலைமை மோசம்.

62 டெராபைட்டை மூன்றால் பெருக்கினால் 186. மொத்தம் 240 என்பதால் சராசரியாக 78 சதவீதம் நிறைந்திருக்கிறது. டிஸ்க்குகள் சமமாக நிறையாது என்பதால் ஒன்று மட்டும் 86ஐத் தொட்டிருக்கிறது. இன்றிரவு ஒரு சர்வரின் பவர் சப்ளை எரிந்துபோகிறது என்று வையுங்கள். செஃப் பத்து நிமிடம் பொறுத்துப் பார்க்கும். சர்வர் திரும்பி வரவில்லை என்றால், அதில் இருந்த காப்பிகளை மீதி நான்கு சர்வர்களில் புதிதாக எழுதத் தொடங்கும். இதற்காகத்தானே கிளஸ்டர் போட்டோம். ஆனால் அந்த நான்கின் மொத்தக் கொள்ளளவே 192தான். 186ஐ 192க்குள் அடைத்தால் 97 சதவீதம். செஃப்பின் இயல்பான அமைப்பில் ஒரு டிஸ்க் 85 சதவீதம் நிறைந்தால் எச்சரிக்கை வரும். 90 வந்துவிட்டால் மீட்பு வேலைக்காக அந்த டிஸ்க்கில் எதையும் கொண்டுவந்து கொட்டாது. 95 வந்தால் எழுதுவதையே நிறுத்திவிடும். அதாவது மீட்பு பாதியில் நின்றுபோகும். பல ஃபைல்களுக்கு இரண்டு காப்பிதான் மிஞ்சும். புது ஃபுட்டேஜ் வர வர 95ஐத் தொட்டு, எடிட்டர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வேலை நின்றுவிடும். மூன்று காப்பி வைத்திருக்கிறீர்கள், மூன்றாவது காப்பியை மறுபடி உண்டாக்க இடம் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே கணக்கை 240இலிருந்து தொடங்காதீர்கள். ஐந்தில் ஒரு சர்வர் எந்த நேரமும் போகலாம் என்று எடுத்துக்கொண்டு 192இலிருந்து தொடங்குங்கள். அதில் 85 சதவீதம், 163. அதை மூன்றால் வகுத்தால் 54 டெராபைட். மூன்று காப்பி வைக்கும் வரை உங்கள் கிளஸ்டரின் உண்மையான கொள்ளளவு இந்த 54தான். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். (திரையில் 240க்குப் பதிலாக 218 என்று காட்டுகிறதே என்று அண்ணன் அதையும் கேட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க் கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், மென்பொருள் 1,024 ஆக எண்ணுகிறது. எதுவும் தொலைந்துபோகவில்லை.)

இனி இரண்டு காப்பி விஷயம். 30 டிஸ்க்கில் ஒன்று எப்போதாவது கெட்டுப்போகும், இன்னொரு காப்பி இருக்கிறதே என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பெரிய டேட்டா சென்டர்கள் வெளியிடும் கணக்குப்படி வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு டிஸ்க் போகும். உங்களிடம் இருப்பது முப்பது, ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அப்டேட் போட ஒரு சர்வரை நீங்களே நிறுத்துகிறீர்கள். அந்த இருபது நிமிடம், அதில் இருந்த அத்தனை ஃபைலுக்கும் வெளியே இருப்பது ஒரே ஒரு காப்பி. இரண்டு காப்பி வைப்பவர்கள், வேலை நிற்கக் கூடாது என்பதற்காக, ஒரு காப்பி இருந்தாலும் எழுதலாம் என்று குறைந்தபட்ச எண்ணை 1 ஆக்கிவிடுவார்கள். அந்த நேரத்தில் ஒருவர் மெமரி கார்டைச் செருகி ஃபுட்டேஜை ஏற்றுகிறார். அது ஒரே டிஸ்க்கில் போய் உட்காருகிறது. அந்த டிஸ்க் அப்போது பார்த்துப் போய்விட்டால், நிறுத்திய சர்வர் திரும்பி வந்தாலும் அதனிடம் புது ஃபுட்டேஜ் இருக்காது. கார்டை அதற்குள் ஃபார்மேட் செய்து அடுத்த மண்டபத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு டிஸ்க் முழுதாகச் சாகாமல், நடுவில் ஒரு துண்டு மட்டும் படிக்க முடியாமல் போகும். மலிவு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் வரம்பு, 10இன் 14ஆம் அடுக்கு பிட் படித்தால் அதிகபட்சம் ஒரு பிழை. அது சுமார் 12.5 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் இதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் ஒரு சர்வர் போய், இருபது இருபத்தைந்து டெராபைட்டை மிஞ்சிய ஒற்றைக் காப்பியிலிருந்து படித்து மீட்கும்போது, எங்கேயாவது ஒரு துண்டு படிக்க மறுத்தால் சரிபார்க்க மூன்றாவது ஆள் கிடையாது. அந்தத் துண்டு தாய்மாமன் சீர் தூக்கி வரும் காட்சியாக இருந்தால், எந்த வீட்டுக்காரரிடம் போய் மறுபடி எடுக்கலாமா என்று கேட்பீர்கள்?

அந்த வழிக்கு வருகிறேன். இரேஷர் கோடிங் என்று ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இருக்கிறது. ஃபைலை அப்படியே மூன்று முறை எழுதாமல், அதைத் துண்டாக்கி, துண்டுகளிலிருந்து கணக்குப் போட்டு வந்த உபரித் துண்டுகளையும் சேர்த்து எழுதும் முறை இது. உங்களுக்கு நான் சொல்வது 2+2, அதாவது இரண்டு துண்டு, இரண்டு உபரித் துண்டு. அண்ணனுக்கு ஒரு தாளில் இப்படி எழுதிக் காட்டுங்கள். காக்க வேண்டிய எண்கள் இரண்டு: 7, 5. முதல் சர்வரில் 7. இரண்டாவதில் 5. மூன்றாவதில் இரண்டையும் கூட்டி 12. நான்காவதில் முதல் எண்ணோடு இரண்டாவதை இருமுறை கூட்டி 17. இப்போது எந்த இரண்டு சர்வரை வேண்டுமானாலும் அடித்துவிடச் சொல்லுங்கள். 7ஐயும் 5ஐயும் அடித்தாரா? மிச்சம் 12, 17. 17இல் 12 போக 5. 12இல் 5 போக 7. இரண்டும் திரும்பி வந்துவிட்டன. எந்த இரண்டை அடித்தாலும் இப்படியே வரும், அவரே அடித்துப் பார்க்கட்டும். இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் 1960இல் வெளியிட்ட கணிதத்தின் அடிப்படை இதுதான். சிடியில் கீறல் விழுந்தும் பாட்டு ஓடியதும், டீக்கடையில் ஒட்டிய க்யூஆர் கோட் கொஞ்சம் கிழிந்தும் ஜிபே ஆவதும் அவர்கள் புண்ணியத்தில்தான்.

இரண்டு எண்ணுக்கு நான்கு இடம், அதாவது இரண்டு மடங்கு. இரண்டு காப்பிக்கும் அதே இரண்டு மடங்குதான். ஆனால் இரண்டு காப்பியில் ஒன்றுதான் போகலாம், இதில் எந்த இரண்டும் போகலாம். உங்கள் 62 டெராபைட் 124 இடத்தில் அடங்கிவிடும். ஒரு சர்வர் போனாலும் 192இல் 124, அதாவது 65 சதவீதம். மீட்பு தடங்கலில்லாமல் முடியும். எந்த ஃபைலுக்கும் நான்கு சர்வர் போதும் என்பதால், ஐந்தாவது சர்வர்தான் மீட்புக்கான இடம். இப்படி வைத்தால் உங்கள் உண்மையான கொள்ளளவு 54இலிருந்து 81 டெராபைட் ஆகிறது, ஒரு டிஸ்க்கூட வாங்காமல்.

ஐந்து சர்வர் இருக்கிறதே, 3+2 போட்டால் இன்னும் மிச்சமாகுமே என்று உங்களுக்கே ஆசை வரும். வேண்டாம். 3+2க்கு ஐந்து சர்வரும் எப்போதும் வேண்டும். ஒன்று போனால் மீட்க ஆறாவது இடம் கிடையாது. பழுது பார்த்து முடியும் வரை குறையோடுதான் ஓடும், இன்னொரு டிஸ்க் போனால் அதில் இருந்த பகுதிகள் நின்றுபோகும். பழுது என்றால் மதர்போர்டு சென்னையிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன சர்வருக்குப் புதன்கிழமை உயிர் வந்தால் அதிர்ஷ்டம். இன்னொரு ஆலோசனையும் இணையத்தில் கண்ணில் படும்: துண்டுகளை ‘சர்வருக்கு ஒன்று’ என்று பிரிக்காமல் ‘டிஸ்க்குக்கு ஒன்று’ என்று பிரித்தால் 4+2 கூடப் போடலாம் என்பார்கள். ஒரே சர்வருக்குள் ஒரு ஃபைலின் மூன்று துண்டு போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு பவர் சப்ளை எரிந்தால் மூன்றும் சேர்ந்து போகும். பிரிக்கும் எல்லை சர்வராகவே இருக்கட்டும்.

மைத்துனர் சொன்ன 1.4 மடங்கு பொய்யில்லை. ஃபேஸ்புக் 2014இல் ஒரு கட்டுரையில் விவரித்த எஃப்4 என்ற சேமிப்பு அமைப்பில் பத்துத் துண்டுக்கு நான்கு உபரித் துண்டு, 10+4. அதுதான் 1.4. ஆனால் பதினான்கு துண்டையும் தனித்தனி ரேக்குகளில் (சர்வர் அடுக்குகளில்) பிரித்து வைக்க அவர்களிடம் இடம் இருக்கிறது. ஐந்து சர்வர் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அதே அமைப்பில், ஒரு டேட்டா சென்டரே போனாலும் படம் தப்பிக்க வேண்டும் என்பதற்காக வேறு ஊரிலும் பாதுகாப்பு வைத்தார்கள். அதையும் சேர்த்தால் மொத்தம் 2.1 மடங்கு. அந்த 2.1ஐ மைத்துனரிடம் சொல்லுங்கள். இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது: மக்கள் அடிக்கடி பார்க்காத பழைய படங்களைத்தான் அதில் போட்டார்கள். சூடாக ஓடுகிற படங்கள் வேறு இடத்தில் முழுக் காப்பிகளாகவே இருந்தன.

நீங்களும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். இரேஷர் கோடிங்குக்குப் பெரிய ஃபைல் என்றால் கொண்டாட்டம், சின்னச் சின்ன எழுத்து என்றால் திண்டாட்டம். நாலு கிலோபைட்டை மாற்ற வேண்டும் என்றால்கூட மற்றத் துண்டுகளைப் படித்து, கணக்குப் போட்டு, உபரித் துண்டுகளையும் திருத்தி எழுத வேண்டும். ஆகவே கேமராவிலிருந்து வந்த ஃபுட்டேஜும் முடித்துக் கொடுத்த வீடியோவும் 2+2இல் போகட்டும். எடிட்டிங் ப்ராஜெக்ட் ஃபைல்கள், அலுவலகக் கணக்கு, விர்ச்சுவல் மெஷின்கள் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கம்ப்யூட்டர்கள்) எல்லாம் மூன்று காப்பியில் இருக்கட்டும். அவை மொத்தமே சில டெராபைட்தான் வரும். சர்வருக்கு ஒரு எஸ்எஸ்டி போட்டு அவற்றை அதில் வைத்தால் எடிட்டர்கள் உங்களை வாழ்த்துவார்கள். செஃப் ஃபைல் சிஸ்டத்தின் மெட்டாடேட்டாவை (ஃபைல் பெயர், ஃபோல்டர் போன்ற விவரங்களை) இரேஷர் கோடிங்கில் வைக்க முடியாது, அதற்கு மூன்று காப்பிதான். ரெண்டர் கேஷ் (எடிட்டிங் மென்பொருள் உண்டாக்கும் தற்காலிக ஃபைல்), ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல்) போன்றவை போனால் மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம். அவற்றை எடிட்டர் கம்ப்யூட்டரிலேயே வைத்துவிட்டுக் கிளஸ்டரிலிருந்து துடைத்துவிடுங்கள். மாற்றத்தைத் தொடங்கும் முன் இதைச் செய்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

மாற்றும்போது ஒரு இடத்தில் ஏமாறாதீர்கள். இருக்கிற பூலை (ஒரே சேமிப்பு முறையில் வைத்த பகுதியை) மூன்று காப்பியிலிருந்து 2+2ஆக அப்படியே திருப்ப முடியாது. புதுப் பூல் உண்டாக்கி, ஒரு ஃபோல்டருக்கு அதை ஒதுக்கி, ஃபைல்களை அங்கே கொண்டுபோக வேண்டும். ஃபோல்டரை நகர்த்தினால் ஃபைலின் முகவரிதான் மாறும், துண்டுகள் பழைய பூலிலேயே கிடக்கும். முழுசாக நகல் எடுத்து, சரிபார்த்து, பழையதை அழித்தால்தான் இடம் மிஞ்சும். பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைத்தது) பிடித்துக்கொண்டிருந்தால் அழித்தாலும் மிஞ்சாது. இரண்டு மூன்று கல்யாணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 3 டெராபைட் நகல் எடுத்தால் முதலில் 6 கூடும், அழித்தபின் 9 குறையும். ஒவ்வொரு சுற்றிலும் அழித்த இடம் உண்மையில் காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். புதுப் பூலில், எழுதுவதற்கு இருந்தாக வேண்டிய துண்டுகளின் குறைந்தபட்ச எண் 3 என்று இருக்கும். அவசரத்தில் யார் சொன்னாலும் அதை 2 ஆக்காதீர்கள். இரண்டு சர்வர் ஒரே நேரத்தில் போனால் கொஞ்ச நேரம் வேலை நிற்கும், மூன்றாவது துண்டை உண்டாக்கியதும் மறுபடி ஓடத் தொடங்கும். அதுவரை ஃபுட்டேஜ் பத்திரம். மானிட்டர் (கிளஸ்டரின் நிலையைக் கண்காணிக்கும் செஃப் நிரல், பாதிக்கு மேல் உயிரோடு இருக்க வேண்டும்) மூன்று சர்வரில் மட்டும் இருந்தால் ஐந்திலும் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு சர்வர் போனாலும் தாங்கும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதையெல்லாம் ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். தை தொடங்கிப் பங்குனி வரை, பிறகு வைகாசி, ஆனி, ஆவணி என்று முகூர்த்தம் வரிசைகட்டும் மாதங்களில் கிளஸ்டரில் கைவைக்கக் கூடாது. கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமணங்கள் ஆடியிலும் உண்டு, ஆனாலும் உங்களுக்கு அதுதான் மூச்சுவிடும் மாதம். கொள்ளளவுத் திட்டத்தையும் பஞ்சாங்கத்தை வைத்தே போடுங்கள். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே ஃபுட்டேஜ் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். நான்கு கேமரா ஆறு மணி நேரம் ஓடினால் ஒரு கல்யாணம் 1.1 டெராபைட். ஆவணியில் எத்தனை கல்யாணம் கைவசம் இருக்கிறது என்பது ஆர்டர் புத்தகத்தில் இருக்கும். உபரித் துண்டுகளின் இடம் போக வந்ததுதான் 81. அதிலிருந்து இப்போதுள்ள 62ஐயும், கல்யாணத்துக்கு 1.1 வீதமும் கழித்துப் பாருங்கள். கொடுத்து முடித்த ஃபுட்டேஜை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்று ஸ்டூடியோக்காரர்களிடம் எழுதி வாங்குவதும் அண்ணன் கையில்தான் இருக்கிறது. புது டிஸ்க் வாங்குவதைவிட இந்த ஒரு தாள் அதிக இடத்தை மிச்சப்படுத்தும்.

பெரிய சர்வர் ஒன்றை மட்டும் சேர்க்கலாமா என்றால், காசு வீண். 2+2இல் ஒரு ஃபைலின் ஒரு துண்டுதான் ஒரு சர்வரில் இருக்கலாம். 120 டெராபைட் சர்வரில் ஒரு துண்டு வைத்தால் மீதி மூன்று துண்டும் பழைய ஐந்தில்தான் போக வேண்டும். பழைய ஐந்தின் மொத்தம் 240, துண்டு ஒன்றுக்கு 80. ஆகப் பெரிய சர்வரில் 80க்கு மேல் நிரப்பவே முடியாது, 40 டெராபைட் சும்மா கிடக்கும். அந்தச் சர்வரே போய்விட்டால் அதிலிருந்ததை வாங்கிக்கொள்ள மற்றவற்றில் இடமும் இருக்காது. உபரி இடத்தை எப்போதும் ஆகப் பெரிய சர்வரின் அளவுக்கு ஒதுக்க வேண்டும் என்பதால், பெரிய சர்வர் வந்தால் ஒதுக்கீடும் பெரிதாகும். அதே காசுக்கு இப்போதிருப்பதைப் போலவே இரண்டு சர்வர் வாங்குங்கள். டிஸ்க் மாட்டக் காலி இடம் இருந்தால் ஐந்து சர்வரிலும் சமமாக ஒவ்வொரு டிஸ்க் சேருங்கள், எல்லாவற்றையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்க வேண்டாம். ஒரே தொகுதியில் வந்த டிஸ்க்குகள் ஒரே சமயத்தில் சாவதுண்டு. சர்வர்களை இணைக்கும் உங்கள் நெட்வொர்க் சுவிட்ச் பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அது 1 ஜிகாபிட் என்றால் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். ஒரு சர்வர் போய் 25 டெராபைட்டை மீட்க, எடிட்டிங் எதுவும் ஓடாவிட்டால்கூட ஒரு நாளுக்கு மேல் ஆகும். 2+2இல் ஒரு துண்டை உண்டாக்க இரண்டு துண்டைப் படிக்க வேண்டியிருப்பதால் கம்பியில் நெரிசல் அதிகம். 10 ஜிகாபிட் போட்டால் மீட்பு வேகத்தைக் கம்பி கட்டிப்போடாது.

கடைசியாக பேக்கப். அவசியம் வேண்டும். கிளஸ்டர் காப்பது சர்வரும் டிஸ்க்கும் போகும்போதுதான். ஒரு பையன் தவறிப்போய் ஒரு ஃபோல்டரை அழித்தால் நான்கு துண்டும் ஒரே நொடியில் அழியும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் அப்படியே. ஐந்து சர்வரும் ஒரே அறையில், ஒரே ஏசியில், ஒருவேளை ஒரே யூபிஎஸ்ஸில் இருக்கும். மே மாத மதுரை வெயிலில் அந்த ஏசி நின்றால் ஐந்துக்கும் சேர்ந்தே சூடேறும். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் வந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் சர்வர் அறை தரைத்தளத்தில் இருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் யூபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்குகிறது, எந்தச் சர்வர் எந்த யூபிஎஸ்ஸில் இருக்கிறது என்று குறித்து வையுங்கள். இரண்டு யூபிஎஸ் இருந்தால், ஒன்றில் இரண்டு சர்வருக்கு மேல் மாட்டாதீர்கள், மூன்றாவது யூபிஎஸ் வாங்கியாவது பிரித்துவிடுங்கள்.

62 டெராபைட் முழுவதற்கும் பேக்கப் தேவையில்லை. இன்னும் கொடுத்து முடிக்காத கல்யாணங்களின் ஒரிஜினல் ஃபுட்டேஜும், முடித்த இறுதி வீடியோவும் போதும். அவை போனால் திரும்பாது, மற்றவை போனால் நேரம்தான் நஷ்டம். 100 மெகாபிட் இணையத்தில் ஒரு கல்யாணத்தை வெளியே அனுப்ப முழுதாக ஒரு நாள் பிடிக்கும், சீசனில் அது ஓடாது. ஒரு சின்ன நாஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டியை)த் திருநகரிலோ திண்டுக்கல்லிலோ அண்ணன் நம்பும் இடத்தில் வைத்து, வெளி டிஸ்க்கில் நகலெடுத்து வாரம் இருமுறை பைக்கில் கொண்டுபோய் ஏற்றுங்கள். அதுவரை மெமரி கார்டை யாரும் ஃபார்மேட் செய்யக் கூடாது என்று ஸ்டூடியோக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கார்டு விலை இன்று ஒரு கல்யாண ஆர்டரின் சின்னப் பங்குதான், கூடுதலாக ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.

மாற்றம் முடிந்ததும், ஆடி முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு சர்வரின் மின்வயரைப் பிடுங்குங்கள். எடிட்டிங் தொடர்ந்து ஓடுகிறதா, பத்து நிமிடம் கழித்து மீட்பு தொடங்குகிறதா, எந்த டிஸ்க்காவது 85ஐத் தாண்டுகிறதா, முடிய எத்தனை மணி நேரம் ஆகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களை எனக்கும் அனுப்பினால், ஆவணிக்கு எவ்வளவு ஆர்டர் எடுக்கலாம் என்று உங்களோடு சேர்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.